மேலூர்க் குன்றுகள்

மதுரையிலிருந்து திருச்சிராப்பள்ளி நோக்கிச் செல்லும் ராஜபாட்டையில், யானைமலையைக் கடந்து போனால், ஏறக்குறையப் பதினெட்டாவது மைலில் மேலூர் வருகிறது. மேற்குக் கடலில் விழுந்துகொண்டிருந்த பெரியாற்று நீரை, 1895-இல் அணை கட்டி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். அந்த நீரின் புண்ணியத்தால் இத்தாலுகாவில் நெல்லும் கரும்பும் செழிக்கின்றன. வயல்களின் நடுவே, யானைமலை ஈன்ற குட்டிகளைப் போலப் பாறைக் குன்றுகள் ஆங்காங்கே படுத்திருக்கின்றன.

மேலூருக்குக் கிழக்கே உள்ள கீழவளவுக்குச் சென்றோம். அங்கே பஞ்சபாண்டவர் மலையில், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் சமண முனிவர்கள் படுத்துறங்கிய கற்படுக்கைகள் இருக்கின்றன. அந்த வட்டாரத்திலேயே, குன்றுகள் நின்ற இடங்களில் இன்று ஆழமான பள்ளங்களும் அவற்றில் தேங்கிய பச்சை நீருமே எஞ்சியிருக்கின்றன. கிரானைட் கல்லுக்காக அறுத்தெடுக்கப்பட்ட இடங்கள் அவை.

ஒரு குன்றை எவரும் மடியில் கட்டிக்கொண்டு போய்விட முடியாது. லாரி வேண்டும், லாரி போகப் பாதை வேண்டும், பாதையில் காட்ட அனுமதிச் சீட்டு வேண்டும். எத்தனையோ உத்தியோகஸ்தர்கள் பார்த்தும் பாராமல் இருந்தாலொழிய இது நடவாது. பணத்தின் செல்வாக்கு என்பது இதுதான்.

2012 மே மாதத்தில், ஜில்லா கலெக்டராயிருந்த உ. சகாயம், இதனால் சர்க்காருக்கு நேர்ந்த நஷ்டம் ரூ.16,000 கோடிக்கு மேல் என்று மேலிடத்துக்கு எழுதினார். சில நாட்களில் அவர் கோ-ஆப்டெக்ஸுக்கு மாற்றப்பட்டார். ஆகஸ்டில் அக்கடிதம் பத்திரிகைகளில் வெளிவந்த பின்னரே குவாரிகளில் சோதனை தொடங்கிற்று. 2014-இல் சென்னை ஹைகோர்ட்டு அவரையே விசாரணைக்கு நியமித்தது. நரபலிப் புகார் ஒன்றின் பேரில் சுடுகாட்டைத் தோண்ட வேண்டி வந்தபோது, தடயம் அழிந்துவிடக் கூடாதென்று அவர் இரவு முழுவதும் அங்கேயே படுத்திருந்தார். 2015 நவம்பரில் அவர் அளித்த அறிக்கை, நஷ்டத்தை 1 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்று மதிப்பிட்டது.

இதே மேலூரை அடுத்த தும்பைப்பட்டியில் பிறந்தவர்தாம் கக்கன். பொதுப்பணி, உள்துறை முதலிய இலாகாக்களை நிர்வகித்த மந்திரி அவர். பதவி போன பிறகு, மதுரை அரசாங்க ஆஸ்பத்திரியில் பொது வார்டில் நோயாளியாகக் கிடந்தார். அதிகாரத்தைக் கையில் வைத்திருந்தும் அதைக் காசாக்காத மனிதரையும் இம்மண்ணே தந்தது.

பின்னர் மேலூருக்கு மேற்கே அரிட்டாபட்டிக்குப் போனோம். பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவாலயம், தமிழி எழுத்துக் கல்வெட்டுக்கள், சுனைகள், ராஜாளிகள் எல்லாம் ஒரே இடத்தில்! 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக இது அறிவிக்கப்பட்டது. ஆயினும் 2024 நவம்பரில், இதன் பகுதியையும் சேர்த்து ஏறக்குறைய 5,000 ஏக்கர் பரப்பில் டங்ஸ்டன் எடுக்கும் உரிமை, மத்திய சர்க்கார் நடத்திய ஏலத்தில் ஹிந்துஸ்தான் ஜிங்க் கம்பெனிக்குக் கிடைத்தது.

இம்முறை கிராமத்தார் ஒரு கலெக்டரின் கடிதத்துக்காகக் காத்திருக்கவில்லை. கிராம சபைகளில் தீர்மானம் நிறைவேற்றினார்கள். டிசம்பர் 9-இல் சட்டசபையும் எதிர்த்துத் தீர்மானித்தது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து ஆயிரக்கணக்கானோர் மதுரைக்கு நடந்தார்கள். பெண்களும் பெருந்திரளாக வந்தார்கள். ஜனவரி 23-இல் ஏலம் ரத்தாயிற்று. காந்தியடிகள் கிராமப் பஞ்சாயத்தின்மீது ஏன் அவ்வளவு நம்பிக்கை வைத்தார் என்பது அரிட்டாபட்டிப் பாறைமீது நின்றபோது நமக்கு விளங்கிற்று.

மதுரைக்கு வரும் நேயர்கள் அங்கயற்கண்ணி தரிசனத்தோடு திரும்பிவிடாமல், குழந்தைகளை அழைத்துக்கொண்டு ஒரு நாள் மேலூர்ப் பக்கம் வர வேண்டும். அரிட்டாபட்டிக் குன்றையும் கீழவளவுப் பள்ளத்தையும் ஒரே நாளில் காட்டலாம். "இங்கே இருந்த மலை எங்கே போயிற்று? யார் போகவிட்டார்கள்?" என்று குழந்தைகள் நிச்சயம் கேட்பார்கள். தட்டிக் கழிக்காமல் பதில் சொல்லுங்கள்.