ஆணி

காலண்டர் மாட்ட ரெண்டு இஞ்ச் ஆணி வாங்க, வேளச்சேரி விஜயநகர் பக்கம் ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் நொண்டிக்கொண்டே எடுத்துத் தந்தார். "என்னாச்சுண்ணே?" "கால்ல ஆணி, தம்பி."

வீடு வரும்வரை அந்தச் சொல் என்னை விடவில்லை. அச்சாணி, ஆணிவேர், ஆணித்தரம். எழுத்தாணி ஓலையில் கீறியது சட்டென்று தெரியாது. விளக்குக்கரி தேய்த்தால்தான் எழுத்து துலங்கும். எனக்குப் பிடித்தது உரையாணி: மாற்றுத் தெரிந்த பொன் ஊசி. நகையையும் அதையும் கட்டளைக்கல்லில் அருகருகே உரசி, கோடுகளின் நிறத்தை ஒப்பிட்டுத் தரம் சொல்வார்கள். உயர்ந்த தங்கத்தை ஆணிப்பொன் என்பது அதனால்தான் என்று தோன்றுகிறது.

2001இல் 'ஃப்ரெண்ட்ஸ்' படம் வந்தபிறகு, ஆணி என்றாலே வடிவேலுதான் நினைவுக்கு வருகிறார். அது வேறு கதை.

அடித்தேன். சுவர் பெயர்ந்தது. காலண்டர் இன்னும் மேசைமேல்.