‘பகைமைச் செயல்’ என்னும் சொல்லுக்கு நேர்ந்தது

2011 ஏப்ரல் 5 அன்று அமெரிக்க செனட்டில் ரேண்ட் பால் ஒரு திருத்தத்தை முன்வைத்தார். அதன் மைய வாசகம் அவர் எழுதியதன்று. 2007 டிசம்பரில், அதிபர் வேட்பாளராக இருந்த பராக் ஒபாமா ஒரு நாளிதழின் கேள்விக்கு அளித்த விடை அது. நாட்டுக்கு நேர்ந்துள்ள அல்லது உடனடியாக நேரவிருக்கும் அச்சுறுத்தலைத் தடுப்பதற்காக அன்றி, தன்னிச்சையாகப் படைத்தாக்குதலுக்கு ஆணையிடும் அதிகாரத்தை அரசியலமைப்பு அதிபருக்கு வழங்கவில்லை என்பது அதன் சாரம். லிபியாவின் மீது குண்டுவீச்சு தொடங்கி அப்போது மூன்று வாரங்கள்கூட ஆகவில்லை. திருத்தத்தை ஓரங்கட்டுமாறு 90 பேரும், அதற்கு எதிராக 10 பேரும் வாக்களித்தனர். அந்தப் பத்துப் பேரும் குடியரசுக் கட்சியினர். தம் அதிபரின் சொந்த வாக்கியத்தைக் காக்க ஜனநாயகக் கட்சியில் ஒருவரும் முன்வரவில்லை.

இங்கே பேசவேண்டியது இன்னொரு சொல்லைப் பற்றி. வியட்நாம் போரின் கசப்பில், நிக்சனின் மறுப்பாணையை மீறி 1973-இல் இயற்றப்பட்ட போர் அதிகாரத் தீர்மானம், நாடாளுமன்றத்தின் ஒப்புதலின்றி அதிபர் படைகளை ‘ஹாஸ்டிலிட்டீஸ்’ எனும் நிலையில் 60 நாள்களுக்கு மேல் ஈடுபடுத்தலாகாது என்கிறது. தமிழில் ‘பகைமைச் செயல்கள்’ எனலாம். சட்டம் அச்சொல்லை வரையறுக்கவில்லை. ஆனால் அது ஏன் தேர்ந்துகொள்ளப்பட்டது என்பதற்குச் சான்று உண்டு. முதல் வரைவில் ‘ஆயுத மோதல்’ என்றிருந்ததை நீக்கி, அதைக் காட்டிலும் பரந்த பொருள் கொண்டது என்பதற்காகவே இச்சொல்லை இட்டதாகப் பிரதிநிதிகள் அவைக் குழுவின் அறிக்கை குறிப்பிடுகிறது. சட்ட வரைவில் ஒரு சொல்லின் தேர்வுக்கு இவ்வளவு தெளிவான காரணம் பதிவாவது அரிது.

2011 மே 20-இல் அறுபது நாள்கள் முடிந்தன. குண்டுகள் ஓயவில்லை. நீதித்துறையின் சட்ட ஆலோசனை அலுவலகத் தலைவரும் பென்டகனின் தலைமை வழக்கறிஞரும், நடப்பவை பகைமைச் செயல்களே எனக் கருதினர். அதிபர் அவர்களை விடுத்து, மாற்றுக் கருத்துடையோரின் பக்கம் சாய்ந்தார். ஜூன் 28 அன்று செனட் குழுவின் முன் அக்கருத்தை நியாயப்படுத்தியவர் வெளியுறவுத் துறையின் சட்ட ஆலோசகர் ஹெரால்ட் கோ. கல்விப்புலத்தினர் சற்றுக் கூச்சத்தோடு வாசிக்கவேண்டிய பகுதி இது. கோ, யேல் சட்டப் பள்ளியின் முன்னாள் முதல்வர். அதிபரின் கட்டற்ற அதிகாரத்தை விமர்சித்து 1990-இல் நூல் எழுதியவர். ‘சித்திரவதை’ என்ற சொல்லின் பொருளைச் சுருக்கிய புஷ் ஆட்சியின் 2002 குறிப்பாணையை, 2005-இல் செனட்டின் முன் கடுமையாகச் சாடியவரும் அவரே.

நோக்கம் வரம்புடையது, படையினருக்கு ஆபத்து குறைவு, மோதல் விரிவடையும் வாய்ப்பு குறைவு, பயன்படுத்தும் ஆயுத வலிமையும் வரம்புடையது. ஆகவே இவை பகைமைச் செயல்கள் அல்ல என்பது அவருடைய வாதம். இலக்கணம் பயின்றவர்களுக்கு இதில் நடக்கும் இடமாற்றம் உடனே புலப்படும். அடிப்பவனின் வினையைச் சுட்டிய சொல், அடிப்பவனுக்குத் திருப்பி அடி விழுமா என்ற கேள்வியாக மாறிவிடுகிறது. கீழே இருப்பவரிடம் வானத்தை எட்டும் கருவி இல்லையெனில், மேலிருந்து எவ்வளவு குண்டு வீசினாலும் அங்கே பகைமை இல்லை!

அப்போது கொதித்தெழுந்தவர்களின் கொதிப்பும் நெடுநாள் நீடிக்கவில்லை. சிரியாவைத் தாக்குமுன் நாடாளுமன்றத்தின் ஒப்புதலைப் பெற்றே ஆகவேண்டும் என்று 2013 ஆகஸ்டில் ஒபாமாவுக்கு ட்விட்டரில் அறிவுறுத்தினார் டோனல்ட் டிரம்ப். 2017 ஏப்ரலில் அவரே அதிபராக, அந்த ஒப்புதல் இன்றி 59 ஏவுகணைகளைச் சிரியாவின் விமானத் தளத்தின் மீது ஏவினார். 2018-இல் மீண்டும் தாக்கியபோது, அதற்கான நீதித்துறைக் கருத்துரை ஒபாமா ஆட்சியின் லிபியாக் கருத்துரையை முன்னுதாரணமாகக் கொண்டது. அத்துறையின் தலைவராக அப்போது இருந்தவர் ஜெஃப் செஷன்ஸ், 2011-இல் ரேண்ட் பாலுடன் நின்ற பத்துப் பேரில் ஒருவர்.

லிபர்டேரியன்கள் எனப்படும் தனிமனித சுதந்திரவாதிகளின் வரிக் கொள்கையையும் நலத்திட்ட எதிர்ப்பையும் ஏற்காதவர்கள் பலர்; அதற்கு வலுவான காரணங்களும் உண்டு. ஆயினும் இந்த ஒரு விஷயத்தில் அவர்களுள் சிலரின் பேச்சு சலிப்பூட்டும் அளவுக்கு ஒரே மாதிரியாக இருந்துவந்திருக்கிறது. அந்தச் சலிப்புக்கு ஒரு மதிப்பு உண்டு.

2025 செப்டம்பர் 2 முதல், போதைப்பொருள் கடத்துவதாகக் குற்றஞ்சாட்டி, கரீபியன் கடலில் படகுகளைத் தகர்க்கத் தொடங்கியது டிரம்ப் அரசு. அமெரிக்கா கடத்தல் கும்பல்களுடன் ‘ஆயுத மோதலில்’ இருப்பதாக அடுத்த மாதம் நாடாளுமன்றத்துக்குத் தெரிவித்தது. அறுபது நாள் கெடு நெருங்கியதும், அமெரிக்கப் படையினருக்கு ஆபத்தில்லை என்பதால் இவை ‘பகைமைச் செயல்கள்’ அல்ல என்றது. அதாவது, ஆயுத மோதல் உண்டு. அதனினும் பரந்தது எனத் தேர்ந்தெடுக்கப்பட்ட பகைமைச் செயல் இல்லை. கையிலிருப்பது மல்லிகைதான், ஆனால் பூ அன்று என்று ஒருவர் சொன்னால் முதலாண்டு மாணவர்கூடச் சிரிப்பார். கோவின் வாதத்தை ஒரு பேராசிரியரின் நுட்பம் எனப் பாராட்டியவர்களுக்கு இப்போது அந்தச் சிரிப்பு எளிதில் வராது.

அக்டோபர் 8 அன்று இத்தாக்குதல்களை நிறுத்தக் கோரும் தீர்மானம் செனட்டில் 48-51 எனத் தோற்றது. 2011-இன் அந்தப் பத்துப் பேரில் ஐவர் இன்னும் அவையில் இருந்தனர். அவர்களுள் ரேண்ட் பால் ஒருவரே ஆதரித்தார். அன்று ஒரு வாக்குக்கூட அளிக்காத ஜனநாயகக் கட்சியில், இம்முறை எதிர்த்தவர் ஒரே ஒருவர்.