முப்பத்தெட்டாயிரம் ரூபாய் வயர்

காலை ஐந்தரை மணி. நங்கநல்லூரில் அந்த வீட்டில் பால் காய்வதற்கு முன்பே ஆம்ப்ளிஃபையர் சூடாகிவிடும். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருடங்களான அந்தப் பெரியவருக்கு, பாட்டு ஓடினால்தான் பொழுது விடிந்ததாக அர்த்தம். இருபது வருடங்களுக்கு முன் போனஸ் பணத்தில் வாங்கிய ஆம்ப்ளிஃபையர், சி.டி. பிளேயர், இரண்டு ஸ்பீக்கர்கள். இன்றும் தினமும் துடைத்துத்தான் வைக்கிறார்.

கொஞ்ச நாளாக அவருக்கு ஒரு குறை. மிருதங்கம் கேட்கிறது, தம்புரா கேட்கிறது. பஜனைப் பாட்டில் ஜால்ராவின் அந்த ‘ஜல்’ மட்டும் மங்கிவிட்டது. போதாக்குறைக்கு இடது ஸ்பீக்கரில் அவ்வப்போது கரகரப்பு. “வயரை மாத்துங்க சார், எல்லாம் சரியாயிடும்” என்றார் வாக்கிங் நண்பர்.

விசாரித்துக்கொண்டு ஒரு ஆடியோ ஷோரூமுக்குப் போனார். பாம்பு கனத்தில், பின்னல் உறை போட்ட கேபிள். ஜோடி விலை 38,000 ரூபாய். “ரெண்டு வாரம் வீட்டுல போட்டுக் கேளுங்க சார். பிடிக்கலைன்னா திருப்பிக் கொடுத்துடலாம்” என்றார்கள். முன்பணம் கட்டி எடுத்து வந்துவிட்டார்.

விலையைக் கேட்ட மனைவி நெற்றியில் கை வைத்தார். “ஏங்க, நம்ம ஃபிரிட்ஜே இருபத்தி நாலாயிரம்தானே? அது மாவையாவது புளிக்காம வெச்சுக்குது!”

அவர் காதில் வாங்கவில்லை. பழைய வயரைக் கழற்றினார், புதியதை மாட்டினார், பாட்டைப் போட்டார். கரகரப்பு போயே போச்சு. ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுந்தது. “பார்த்தியா?” என்று பெருமையாகத் திரும்பினார்.

“கரகரப்பு போயிருக்கு. மத்தபடி எனக்கு நேத்து மாதிரியேதான் கேக்குது” என்ற மனைவி, ஒரு நிமிடம் யோசித்துவிட்டு இன்னொன்றையும் சொன்னார். “பத்து வருஷமா ஒரே கடைக் காபிப் பொடிதான் வேணும்னு பிடிவாதம் பிடிச்சீங்களே. போன தீபாவளியிலேர்ந்து வேற கடைப் பொடிதான் போடறேன். இன்னிக்கு வரைக்கும் உங்களுக்குத் தெரியலை.”

பெரியவருக்குச் சுருக்கென்றது. ‘சரி, சோதித்தே பார்த்துவிடுவோம்’ என்று முடிவெடுத்தார். ஒப்பிட்டுப் பார்க்க சாதாரண வயர் ஒன்று வேண்டுமே? மெட்ரோ ஏறி, அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி, ரிச்சி தெருவுக்கு நடந்தார்.

சென்னையில் எலெக்ட்ரானிக்ஸ் சாமான் எது வேண்டுமானாலும் கால்கள் தானாகப் போகும் தெரு அது. ஒரு சின்னக் கடையில் இருந்த முதியவர், “எத்தனை மீட்டர் சார்? ஸ்பீக்கர் எத்தனை ஓம்?” என்று மட்டும் கேட்டார். ஒவ்வொரு பக்கமும் 4 மீட்டர், 8 ஓம் ஸ்பீக்கர்.

“அப்ப ஒன்றரை ஸ்கொயர் எம்.எம். காப்பர் தாராளம்” என்றார் கடைக்காரர். கணக்கு எளிதுதான். ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போவது மின்சாரம். வழியில் தடை குறைவாக இருக்க வேண்டும், அவ்வளவே. வயரின் தடை, போக வரச் சேர்த்து, ஸ்பீக்கர் ஓமில் 5 சதவீதத்துக்குள் இருந்தால் போதும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. 8 ஓமுக்கு அது 0.4 ஓம். இவர் வாங்கப்போகும் வயரில் 8 மீட்டருக்குத் தடை சுமார் 0.1 ஓம்தான். தூரம் அதிகமானால் வயரின் கனத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

ஒரே ஒரு எச்சரிக்கை சொன்னார். செம்பு நிறத்தில் மின்னுவதெல்லாம் செம்பு இல்லை. அலுமினியக் கம்பிக்குச் செம்புப் பூச்சு கொடுத்த வயரும் உண்டு. பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். கையில் எடுத்தால் லேசாக இருக்கும். அலுமினியத்தின் மின்கடத்தும் திறன் செம்பில் சுமார் 61 சதவீதம்தான். ஆகவே கனத்துக்கு ஏற்ற பலன் கிடைக்காது.

சி.டி. பிளேயரிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் ஆர்.சி.ஏ. வயரைப் பற்றியும் கேட்டுக்கொண்டார். அதில் ஓடுவது பலவீனமான சிக்னல். அதனால் உள்ளே நல்ல ஷீல்டும், இறுக்கமான பின்னும் இருக்க வேண்டும். கரன்ட் வயரோடு சேர்த்துச் சுருட்டிப் போட்டால் ‘ம்ம்ம்’ என்ற உறுமல் நுழையலாம். இதற்கும் ஆயிரக்கணக்கில் செலவழிக்கத் தேவையில்லை.

வயர், பின் எல்லாம் சேர்த்து 1,150 ரூபாய் ஆனது.

ஞாயிற்றுக்கிழமை சோதனை. ஸ்பீக்கர்களுக்குப் பின்னால் வேட்டியைத் திரையாகக் கட்டினார்கள். பிளஸ் டூ படிக்கும் பேத்தி நாணயத்தைச் சுண்டி, பூ விழுந்தால் விலை உயர்ந்த வயர், தலை விழுந்தால் ரிச்சி தெரு வயர் என்று மாட்டினாள். அதே பாட்டு, அதே வால்யூம். தாத்தா எதிரில் உட்கார்ந்து எது எதுவென்று எழுதினார். பத்து சுற்று.

பேத்தி திருத்தினாள். பத்துக்கு ஐந்து.

“தாத்தா, கண்ணை மூடிட்டுச் சொல்லியிருந்தாலும் அஞ்சு வந்திருக்கும்!”

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அமெரிக்காவில் ஜேம்ஸ் ராண்டி என்ற மேஜிக் நிபுணர், 7,250 டாலர் ஸ்பீக்கர் கேபிளைச் சாதாரண விலைக் கேபிளிலிருந்து காதால் மட்டுமே பிரித்துக் காட்டுபவருக்குப் பத்து லட்சம் டாலர் தருவதாக 2007-ல் அறிவித்தார். அந்தப் பரிசை யாரும் வாங்கவில்லை.

அப்படியானால் முதல் நாள் கரகரப்பு போனது எப்படி? விடை பழைய வயரின் முனையில் இருந்தது. செம்பு இழைகள் பச்சைக் களிம்பு பிடித்துக் கிடந்தன. திருகாணியும் தளர்ந்திருந்தது. புது வயர் மாட்டும்போது இணைப்பும் புதிதாகிவிட்டது. பழைய வயரின் முனையை வெட்டி, இழைகளைச் சீவி, இறுக்கி மாட்டியிருந்தாலே போதும். பிளஸ், மைனஸை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மாட்டுவதும் முக்கியம். ஒரு பக்கம் மாறினால் கனமான ஓசைகள் மெலிந்துவிடும்.

ஆனால் அந்த ஜால்ரா? எந்த வயரிலும் அது அவருக்குத் திரும்பவில்லை.

பேத்தி போனில் ஒரு ஆப்பைத் திறந்தாள். மெல்லிய ‘கீ’ ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். 15,000 ஹெர்ட்ஸிலும் அவளுக்குக் கேட்டது. பாட்டிக்கு 10,000 வரை. தாத்தா 7,000-லேயே, “நிறுத்திட்டியாம்மா?” என்று கேட்டார். அவள் நிறுத்தவில்லை.

அறையில் யாரும் சிரிக்கவில்லை. வயதாகும்போது காதில் முதலில் குறைவது கீச்சென்ற மேல் ஒலிகள். ஜால்ராவின் மினுமினுப்பு பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு அவர் கேட்டார்: “அப்ப நீ கூப்பிடறப்ப எல்லாம் நான் வேணும்னே பேசாம இருக்கேன்னு நினைச்சியா?”

“ஆமா” என்றார் மனைவி. “ரெண்டு வருஷமா அப்படித்தான் நினைச்சுட்டிருந்தேன்.”

திங்கட்கிழமை அந்தக் கேபிள் ஷோரூமுக்கே திரும்பிப் போனது. முன்பணத்தைச் சட்டைப் பைக்குள் வைத்தவர், நேராக வீட்டுக்கு வரவில்லை. வரும் வழியில் காது, மூக்கு, தொண்டை டாக்டரிடம் செவித்திறன் பரிசோதனைக்கு நேரம் வாங்கிக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு ரிச்சி தெரு வயரில் பாட்டு ஓடியது. காபியோடு வந்த மனைவி டம்ளரை நீட்டிவிட்டு, ஆம்ப்ளிஃபையரின் ட்ரெபிள் குமிழை ஒரு சுற்று கூட்டினார்.

“இப்ப ஜால்ரா கேக்குதா?”

“கொஞ்சம் கேக்குது” என்றார் அவர். “நீ பேசறது நல்லாவே கேக்குது.”