படியெடுக்கச் சொல்லும் புரதம்

தமிழ்த்துறை மலரில் உயிரணுவுக்கு என்ன வேலை என்று மாணவர் சிலர் வியக்கக்கூடும். ‘படியெடுத்தல்’ என்னும் சொல்லே என்னை அப்பக்கம் இழுத்துச் சென்றது. பழஞ்சுவடிகளைப் பார்த்துப் படியெடுப்பதை நம் துறையினர் நன்கறிவர். உயிரியலாரும் அதே சொல்லைக் கையாள்கின்றனர். உயிரணுவின் உட்கருவில் உள்ள டி.என்.ஏ. ஒரு மூலச்சுவடி. அதில் புரதங்களை ஆக்கும் மரபணுக்கள் மட்டும் ஏறத்தாழ 20,000 உள்ளன. எல்லாவற்றையும் ஒரே வேளையில் எந்த உயிரணுவும் படிப்பதில்லை. எதனை, எப்போது படியெடுப்பது என்று முடிவு செய்யும் புரதங்கள் உண்டு. அவற்றுக்குப் படியெடுப்புக் காரணிகள் என்று பெயர்.

எங்கள் சின்னம்மாவுக்கு மார்பில் கட்டி தோன்றியபோது அவருக்கு அகவை 51. பல திங்கள் எவரிடமும் சொல்லவில்லை. ஆண் மருத்துவரிடம் எங்ஙனம் காட்டுவது என்னும் நாணம் ஒருபுறம். மகளின் திருமணம் முடியட்டும் என்னும் எண்ணம் மறுபுறம். அறுவைக்குப் பின் வந்த அறிக்கையில் ‘ஈ.ஆர். பாசிட்டிவ்’ என்றிருந்தது. வீடே கலங்கிற்று. ‘பாசிட்டிவ்’ என்றால் நோய் உறுதி என்றே கேட்டுப் பழகிய காதுகள் அல்லவா நம்முடையவை! “இன்னும் நோய் இருக்குன்னுதானே தம்பி எழுதியிருக்கு?” என்று சின்னம்மா கேட்டார்.

அதன் பொருள் அதுவன்று. ஈ.ஆர். என்பது ஈஸ்ட்ரோஜன் ஏற்பி. அதுவும் ஒரு படியெடுப்புக் காரணியே. குருதிவழி வரும் ஈஸ்ட்ரோஜன் அதனோடு சேர்ந்ததும் அதன் வடிவம் மாறுகின்றது. ஏற்பிகள் இரண்டிரண்டாய் இணைந்து டி.என்.ஏ.வின் குறித்த இடங்களைப் பற்றிக்கொள்கின்றன. சில மரபணுக்கள் படியெடுக்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்று சைக்ளின் டி1 என்னும் புரதத்துக்குரியது. உயிரணு இரண்டாகப் பிரியுமுன் கடக்கவேண்டிய வாயில் ஒன்றுண்டு. அதைக் காப்பது ஆர்.பி. என்னும் புரதம். சைக்ளின் டி1 தன் துணை நொதிகளோடு சேர்ந்து இக்காவலனின் பிடியைத் தளர்த்துகின்றது. அப்பிடியில் அடங்கியிருந்த ஈ2எஃப் என்னும் வேறொரு படியெடுப்புக் காரணி விடுபட, டி.என்.ஏ. இரட்டிப்பதற்கான மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. இயல்பான மார்பக வளர்ச்சிக்கும் ஈஸ்ட்ரோஜன் வேண்டும். புற்றணுக்களிலோ அவ்வாணை ஓய்வதே இல்லை.

இந்த ஏற்பி அறியப்படுவதற்கு நெடுநாள் முன்னரே, 1896-இல் கிளாஸ்கோ நகர அறுவை மருத்துவர் ஜார்ஜ் பீட்சன், சூலகங்களை அகற்றியபின் முற்றிய மார்பகப் புற்று சுருங்கியதை வெளியிட்டார். ஏன் சுருங்கியது என்று அப்போது எவராலும் விளக்க இயலவில்லை. 1950-களின் இறுதியில் சிகாகோவில் எல்வுட் ஜென்சன், கதிரியக்கம் ஏற்றிய ஈஸ்ட்ரோஜன் உடலில் எங்கே தங்குகின்றது என்று தொடர்ந்து பார்த்து, ஏற்பி ஒன்று உண்டெனக் கண்டார். 1962-இல் இங்கிலாந்தில் டோரா ரிச்சர்ட்சன் ஆக்கிய தமாக்சிஃபென், கருத்தடைக்கு உதவுமா என்று ஆராயப்பட்ட பொருள்களுள் ஒன்று. அம்முயற்சி பயன் தரவில்லை. அதே பொருள் பின்னர் மார்பகப் புற்றுக்கு மருந்தாயிற்று. பிரித்தானியாவில் 1973-இலும் அமெரிக்காவில் 1977-இலும் ஒப்புதல் பெற்றது. இத்தகைய தோல்விகள் அறிவியலுக்கு வாய்ப்பது அரிது!

தமாக்சிஃபென், ஈஸ்ட்ரோஜன் அமரவேண்டிய இடத்தில் தான் அமர்ந்துகொள்கின்றது. ஏற்பி டி.என்.ஏ.வைப் பற்றினாலும் படியெடுக்கும் ஆணை பிறப்பதில்லை. ஆகவே அறிக்கையிலிருந்த அச்சொல், மருந்து பற்றிக்கொள்ள ஓர் இடம் இருக்கின்றது என்பதையே குறித்தது. உலக அளவில் மார்பகப் புற்றுற்றோருள் பத்தில் ஏழு பேருக்கு இவ்விடம் உண்டு. நம் நாட்டில் சற்றுக் குறைவு.

இரண்டாம் ஆண்டில் சின்னம்மா மாத்திரையை நிறுத்த எண்ணினார். வலி இல்லை, கட்டி இல்லை. உடம்பில் அவ்வப்போது எழும் வெப்பம் மட்டும் தொல்லை தந்தது. “நோயே இல்லாதப்போ மருந்து எதுக்கு?” என்றார். எங்கேனும் ஒளிந்திருக்கும் ஓர் அணு ஈஸ்ட்ரோஜனுக்காகக் காத்திருக்கலாம் என்று, எனக்குத் தெரிந்த மட்டில் விளக்கினேன். ஐந்தாண்டு தமாக்சிஃபென் உண்டோர்க்கு முதற் பத்தாண்டில் நோய் திரும்புவது ஏறத்தாழப் பாதியாகக் குறைகின்றது. இந்தக் கணக்கை மருத்துவர் சொன்னபின்பே அவர் உடன்பட்டார்.

மருத்துவர் இன்னொன்றும் சொன்னார். மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் இதே மாத்திரை, கருப்பையில் ஈஸ்ட்ரோஜனைப் போலவே நடந்துகொள்ளும். இடத்துக்கு இடம் ஏற்பியோடு கூடும் துணைப்புரதங்கள் வேறுபடுவதே காரணம். எனவே மாதவிலக்கு நின்றபின் சிறிது குருதி கண்டாலும் உடனே சொல்லவேண்டும். கட்டியைப் பல திங்கள் மறைத்த அவர், அதன்பின் ஒவ்வொரு முறையும் மருத்துவர் கேட்குமுன்னரே தாமாகச் சொல்லலானார்.