கூலியும் சொல்லும்

சேத்துப்பட்டு என்றதும் சென்னை மாநகரின் ஒரு பகுதியே பலருக்கும் நினைவில் எழும். நான் வாழும் சேத்துப்பட்டு வேறு. ஆரணியை அடுத்து, திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள ஊர் இது. சுப்ஹுத் தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து திரும்பும் வேளையிலேயே தறியின் ஓசை காதில் விழும். விமானத்தை அண்ணாந்து பார்த்தவர்கள் இங்கு மிகப் பலர். அதில் ஏறியவர்கள் சிலரே. எனினும் விமானிகளின் வழக்கொன்றை எனக்கு விளங்க வைத்தவர் எங்கள் தெருவில் பட்டு நெய்யும் பெரியவர் ஒருவர்தாம்.

2024 ஆம் ஆண்டு, ரமலானின் கடைசிப் பத்து நாள்கள். ஏப்ரல் மாதத் தொடக்கம். திண்ணையில் நாளிதழை விரித்து வைத்திருந்த அவர் என்னைக் கண்டதும் கேட்டார்: “என்ன ஹஜ்ரத், வானத்திலே பறக்கிறவர்களுக்கும் கூலித் தகராறாமே?”

செய்தி இதுதான். டாட்டா குழுமமும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் கூட்டாக நடத்திவந்த விஸ்தாரா நிறுவனத்தை ஏர் இந்தியாவுடன் இணைக்க ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தன. இரு நிறுவனங்களுக்கும் ஒரே ஊதிய முறை வேண்டும் என்பதற்காக விஸ்தாராவின் விமானிகளிடம் புதிய ஒப்பந்தம் நீட்டப்பட்டது. மாதம் 70 மணி நேரப் பறப்புக்கு உரிய ஊதியம் உறுதி என்பது பழைய ஏற்பாடு. புதிய ஏற்பாட்டில் அந்த உறுதி 40 மணி நேரமாகச் சுருங்கிற்று. அதற்கு மேல் பறந்தால், பறந்த நேரத்துக்கு ஏற்பக் கூலி. இளநிலை விமானிகளே இதனால் பெரிதும் கலங்கினர். பலர் உடல்நலமில்லை என்று விடுப்பெடுத்தனர். சில நாள்களுக்குள் நூற்றுக்கு மேற்பட்ட பயணங்கள் ரத்தாயின அல்லது தாமதமாயின. விமானப் போக்குவரத்து அமைச்சகம் விளக்கம் கேட்டது. ஏப்ரல் 3 அன்று தலைமை நிர்வாகி காணொளி வழியே விமானிகளுடன் பேசினார். நாளொன்றுக்கு 25 முதல் 30 பயணங்கள் வரை குறைத்துக்கொள்வதாக நிறுவனம் அறிவித்தது.

“அவர்கள் பெறும் ஊதியம் நாம் கனவிலும் காணாதது, அண்ணே. அதற்குமா சண்டை?” என்றேன் நான்.

பெரியவர் சிரித்தார். “தொகையை விடுங்கள் ஹஜ்ரத். தறி என் வீட்டிலே இருக்கிறது. பாவு கொடுப்பவர் முதலாளி. அவர் பாவு தரப் பத்து நாள் தாமதித்தால் அந்தப் பத்து நாளும் எனக்குக் கூலியில்லை. சும்மா இருந்தவன் நான். ஆனால் சும்மா இருக்க வைத்தவர் யார்? எந்த விமானம், எத்தனை மணி என்று அந்தப் பிள்ளைகளா முடிவு செய்கிறார்கள்?”

நான் வாயடைத்து நின்றேன். பறக்கும் நேரத்தை வகுப்பது நிர்வாகம். குறைந்தால் இழப்பு விமானிக்கு. ஓதிய நான் காணாததை அவர் நொடியில் கண்டுவிட்டார்!

இஜாரா என்னும் கூலி ஒப்பந்தப் பாடத்தை ஆண்டுதோறும் மாணவர்க்கு நடத்துபவன் நான். வேலையும் கூலியும் இரு தரப்பாருக்கும் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அதன் முதல் விதி. கூலி இன்னதென்று தெரியாத ஒப்பந்தத்தை நமது சட்ட நூலார் ‘ஃபாஸித்’, பழுதுபட்டது என்பர். அத்தகைய நிலையில் வேலை முடிந்துவிட்டால், அவ்வேலைக்கு ஊரில் வழங்கும் கூலியைக் கொடுத்தாக வேண்டும். அறியாமையும் மயக்கமும் பின்னாளில் பூசலுக்கு இட்டுச் செல்லும் என்பதே அவர்கள் காட்டும் காரணம்.

விமானத் துறையின் அண்மைக்கால வரலாறு இதற்கு நல்ல சான்று. ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் 2007 இல் இணைந்தன. புதிய ட்ரீம்லைனர் விமானங்களை ஓட்டும் பயிற்சி எந்தப் பிரிவினருக்கு என்ற பூசல் முற்றி, 2012 இல் 58 நாள்கள் வேலைநிறுத்தம் நடந்தது. அதே ஆண்டு கிங்ஃபிஷர் நிறுவனத்தின் விமானங்கள் நின்றன. 2019 ஏப்ரல் 17 அன்று ஜெட் ஏர்வேஸும் பறப்பதை நிறுத்திற்று. இவ்விரு நிறுவனங்களின் ஊழியர்களும் பல மாத ஊதியம் கைக்கு வராமல் தவித்தனர்.

நிர்வாகத்தின் பக்கம் நியாயமே இல்லை என்று நான் கூறவில்லை. இரு நிறுவனங்கள் ஒன்றாகும்போது ஒரே வேலைக்கு இரு வகை ஊதியம் நிலைக்காது. நோயில்லாதவர் நோயென்று கூறுவதும் பொய்யே. பெருநாளுக்கு ஊர் திரும்ப எண்ணி விமான நிலையத்தில் காத்துக் கிடந்தவர் என்ன பிழை செய்தார்? ஆயினும், இவற்றையெல்லாம் நடுநிலையில் நின்று தீர்ப்புரைக்க எனக்குத் தகுதி உண்டா? அந்த இரவு தராவீஹ் முடிந்த பின்னும் இக்கேள்வி என்னை விடவில்லை.

2020 ஆம் ஆண்டு ஊரடங்கில் நான் பணியாற்றிய மதரஸா மூடிக் கிடந்தது. ரமலானில் திரளும் நன்கொடையே மதரஸாவின் உயிர். அவ்வாண்டு அது வரவில்லை. ஆசிரியர்களின் ஊதியத்தைக் குறைக்க நிர்வாகக் குழு முடிவு செய்தது, நானும் இசைந்தேன். ஓர் இளம் உஸ்தாதிடம் தாளை நீட்டி, “இங்கே கையெழுத்திடுங்கள்” என்று கூறியவனும் நானே. அவர் படித்துப் பார்க்கவும் இல்லை. கையெழுத்திட்டார், சில மாதங்களில் சொல்லிக்கொள்ளாமலே வேறூருக்குச் சென்றுவிட்டார். நன்றி மறந்தவர் என்று நான் அவரைக் குறைகூறியதும் உண்டு. அல்லாஹ் என்னை மன்னிப்பானாக!

மறுநாள் அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். நெடுநேரத் தயக்கத்திற்குப் பின் அவர் சொன்னார்: “ஹஜ்ரத், ஊதியம் குறைந்ததில் எனக்கு வருத்தமே இல்லை. மதரஸாவில் பணமில்லை என்பதை நானும் அறிவேன். தாளை நீட்டுமுன் அழைத்து உட்காரவைத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

மத்யனில் மூஸா நபி (அலை) அவர்கள் பணி ஏற்ற வரலாற்றைத் திருமறையின் அல்கஸஸ் அத்தியாயம் கூறுகிறது. அப்பெரியவர் எட்டாண்டு என்று தவணையை வரையறுத்தார். பத்தாண்டாக நிறைவு செய்வதை மூஸா நபியின் விருப்பத்திற்கு விட்டார். அவருக்குச் சிரமம் தரத் தமக்கு எண்ணமில்லை என்பதையும் தம் வாயாலேயே சொன்னார். வேலைக்கு வைப்பவர் முதலில் வாய் திறக்கிறார், எதையும் மறைக்கவில்லை. எத்தனை முறை இதை ஓதியிருப்பேன்!

விஸ்தாரா 2024 நவம்பர் 12 அன்று ஏர் இந்தியாவுடன் இணைந்தது. விமானிகளில் மிகப் பெரும்பாலோர் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டனர். கையெழுத்தைப் பெறுவது எளிது. அதனுடன் மனத்தையும் பெறுவது அரிது என்பதை நான் அந்த இளம் உஸ்தாதிடம் கற்றேன்.

இப்போது ஷவ்வாலில் மதரஸாவின் கல்வியாண்டு தொடங்குமுன் எல்லா உஸ்தாதுகளும் ஒன்றாக அமர்கிறோம். வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, ஊதியம் இவ்வளவு என்று கணக்கு வாசிக்கப்படுகிறது. கேள்வி கேட்க நேரம் தரப்படுகிறது. அதன் பிறகே தாள் வெளியே வருகிறது.

நம் கடைகளிலும் பட்டறைகளிலும் வீடுகளிலும் நமக்காக உழைப்பவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்குரிய கூலியோடு, முன்கூட்டியே சொல்ல வேண்டிய சொல்லையும் குறைவின்றிக் கொடுக்கும் நற்பேற்றை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் நல்குவானாக! ஆமீன்.