தக்காளியின் கறுத்த அடிப்பகுதி



தொடக்கநிலை நான்கில் பயிலும் என் மாணவர்களின் பேச்சுப் பயிற்சிக்காக இவ்வாண்டு ‘நான் வளர்த்த செடி’ என்னும் தலைப்பைத் தேர்ந்தெடுத்தேன். 24 பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு தக்காளிக் கன்று கொடுக்கப்பட்டது. அதனை வீட்டில் வளர்த்து, மூன்று மாதம் கழித்து அதைப் பற்றித் தமிழில் இரண்டு நிமிடம் பேசவேண்டும். சிங்கப்பூரில் இது புதுமையன்று. தேசியப் பூங்காக் கழகம் 2005ஆம் ஆண்டிலேயே சமூகத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கிவிட்டது. 2020ஆம் ஆண்டு கிருமித்தொற்றுக் காலத்தில் அக்கழகம் வீடுகளுக்கு இலவசமாக விதைகளும் வழங்கியது. ஆகவே அடுக்குமாடி நடைபாதையில் ஒரு தொட்டி என்பது பெற்றோருக்குப் பெரும் பாரமாக இராது என்று எண்ணினேன்.

ஒன்பதாம் வாரம் ஜாலான் புசாரில் வசிக்கும் மாணவி ஒருத்தி தன் முதல் பழத்தை ஒரு பையில் போட்டு எடுத்து வந்தாள். காம்புப் பக்கம் அழகிய சிவப்பு. அடிப்பக்கமோ தோல் செருப்பைப் போலக் கறுத்து, தட்டையாகி, உள்ளே குழிந்திருந்தது. அருகில் அமர்ந்திருந்த பையன் நாற்காலியை நகர்த்திக்கொண்டான். “நோய்ப் பழம், தொடாதே” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. அவள் மெல்ல என்னிடம் வந்து, “டீச்சர், இது மத்தவங்க செடிக்கும் ஒட்டிக்குமா? நான் செடியைத் தூக்கிப் போட்டுடவா?” என்று கேட்டாள்.

ஒட்டாது என்பதை முதலில் உரத்துச் சொன்னேன். வகுப்பு முழுவதும் அதைக் கேட்கவேண்டியிருந்தது.

இதற்குப் பூமுனை அழுகல் என்று பெயர். பூ உதிர்ந்த முனையில், அதாவது காம்புக்கு நேர் எதிரே, முதலில் நீர்கோத்தாற்போன்ற ஒரு சிறு புள்ளி தோன்றும். பின்னர் அது பழுப்பாகிப் பரந்து, கறுத்துத் தோல்போல் ஆகிவிடும். பூஞ்சையோ கிருமியோ இதற்குக் காரணமன்று. அழுகிய இடத்தில் பிறகு பூஞ்சை குடியேறக்கூடும். ஆயினும் அது பின்னால் வரும் விருந்தாளியே. இலையிலும் தண்டிலும் புள்ளிகள் பரவினாலோ, பழத்தின் பக்கவாட்டில் ஆங்காங்கே வட்டப் புண்கள் தோன்றினாலோ அது வேறு நோய். முனையில் மட்டும் கறுத்திருந்தால் இதுவே என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

காரணம், வளரும் காயின் நுனிக்குச் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், போய்ச் சேராமை. மண்ணில் அச்சத்து இல்லாமலிருப்பது அரிது. அது வேரிலிருந்து நீருடன் சேர்ந்தே மேலேறும். ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் காசித்தும்பைத் தண்டைச் சிவப்பு மை கலந்த நீரில் நிறுத்தி நாங்கள் செய்த சோதனை உங்களிற் பலருக்கும் நினைவிருக்கும். அதையே வகுப்பில் செய்து காட்டினேன். சிறிது நேரத்தில் தண்டின் நரம்புகள் சிவந்தன. இலைகள் ஓயாமல் நீராவியை வெளியேற்றுவதால் நீரை இழுத்துக்கொள்கின்றன. காயோ மெழுகுத்தோல் போர்த்தியது, அதன் இழுவிசை குறைவு. தண்ணீர் தட்டுப்படும்போது இலைகள் தம் பங்கை எடுத்துக்கொள்ள, காயின் நுனி ஏமாந்துவிடுகிறது. ஒருமுறை இலைக்குச் சென்ற கால்சியம் பிறகு காய்க்குத் திரும்பி வருவதுமில்லை.

நம் மொழியில் பிஞ்சு, காய், பழம் என மூன்று சொற்கள் இருப்பதன் அருமையை அன்றுதான் பிள்ளைகளுக்கு உணர்த்த முடிந்தது. குறை நேர்வது பிஞ்சு விரைந்து பருக்கும் நாள்களில். கண்ணுக்குத் தெரிவது காயில். நாம் வருந்துவது பழத்தைப் பார்த்து!

அன்று மாலை அம்மாணவியின் பாட்டியுடன் தொலைபேசியில் பேசினேன். “டெங்கிக் கொசு வந்துடுமேன்னு பயந்துக்கிட்டு நான் தண்ணியே ஊத்துறதில்லம்மா. ஞாயித்துக்கிழமை அவங்கப்பா ஒரு வாளி ஊத்துவாரு” என்றார். புதிர் அவிழ்ந்தது. ஆறு நாள் வறட்சி, ஒரு நாள் வெள்ளம்! இந்த ஏற்றத்தாழ்வே பூமுனை அழுகலுக்கு முதன்மைக் காரணம். பாட்டியின் அச்சமும் நியாயமானதே. ஏடிஸ் கொசு பெருகுவது தொட்டித் தட்டு போன்ற இடங்களில் தேங்கும் நீரில்தான், ஈரமண்ணில் அன்று. எனவே மண்ணுக்கு நாள்தோறும் நீர் ஊற்றி, தட்டில் வடிந்ததை உடனே கொட்டிவிடுவது என்று முடிவாயிற்று.

“வெத்தலைச் சுண்ணாம்பைக் கரைச்சு ஊத்தட்டுமா?” என்றும் பாட்டி கேட்டார். வேண்டாம் என்றேன். தொட்டியின் சிறிதளவு மண்ணில் அது காரத்தன்மையை மிகுவித்து வேறு சத்துகளைத் தடுத்துவிடும். முட்டை ஓடு மிக மெல்லக் கரைவதால் இப்போதைய காய்களுக்கு உதவாது. இலைமேல் தெளிக்கும் கால்சியக் கரைசலும் காய்க்குப் போய்ச் சேர்வது அரிது.

செய்யத்தக்கவை இவை. சுமார் 30 செ.மீ. ஆழமுள்ள தொட்டியைத் தேர்ந்தெடுங்கள். சிறு தொட்டி நம் வெயிலில் ஒரே பகலில் காய்ந்துவிடும். விரலை மண்ணில் இரண்டு கணு நுழைத்துப் பார்த்து, ஈரம் குறையுமுன் நீர் ஊற்றுங்கள். மேல்மண்ணைக் காய்ந்த இலையாலோ தேங்காய் நாராலோ மூடுங்கள். தழைச்சத்து உரத்தை அளவோடு இடுங்கள். மிகுந்தால் இலை தழைத்து காயின் பங்கைப் பறிக்கும். வேரைக் கிளறாதீர்கள். கறுத்த காய்களைக் கிள்ளிவிடுங்கள், அவை தேறப்போவதில்லை. பூஞ்சை படியாத பழமாயின் கெட்ட பகுதியை வெட்டிவிட்டு எஞ்சியதை இரசத்துக்குப் பயன்படுத்தலாம். நீண்ட வடிவத் தக்காளி வகைகளில் இக்குறை அதிகம். சிறு உருண்டைத் தக்காளியில் குறைவு. குடைமிளகாயிலும் கத்தரியிலும்கூட இது தோன்றும்.

மறுவாரம் பிள்ளைகள் தத்தம் தொட்டிகளைச் சோதித்ததில் இன்னும் இருவர் காய்களிலும் கறுப்பு தென்பட்டது. ஒருவர் வீடு பூன் லேயில், மற்றவர் வீடு செங்காங்கில். ஜாலான் புசார்ச் செடியை அவை கண்டதேயில்லை. நாற்காலியை நகர்த்திய பையனே அதை எடுத்துக் கூறினான். அம்மாணவியின் செடியில் நான்காம் கொத்திலிருந்து வந்த காய்கள் நன்றாகவே பழுத்தன. அவள் தன் இரண்டு நிமிடங்களில் நல்ல பழங்களைப் பற்றி ஒரு வாக்கியமே பேசினாள். மீதி நேரமெல்லாம் கறுத்த பழத்தைப் பற்றித்தான். காம்பு, பூமுனை, நீராவிப்போக்கு என்னும் சொற்கள் தடையின்றி வந்தன.

நண்பர்களே, இத்தகைய திட்டங்களில் பழங்களின் எண்ணிக்கைக்கு மதிப்பெண் அளிக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அதைக் கைவிட வேண்டுகிறேன். பழம் கறுத்த பிள்ளைக்கே சொல்ல மிகுதியாக இருக்கிறது. பெற்றோர்களே, பள்ளி விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது செடிக்குத் தண்ணீர் ஊற்ற அண்டை வீட்டாரிடம் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். தட்டைக் கவிழ்த்து வைக்கவும் மறவாதீர்கள்.