ஏறாத கப்பலுக்குக் கட்டிய பணம்

பிரம்மதேசத்துக்காரனுக்குக் கப்பல் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவியும் அதையேதான் கேட்டாள். மரக்காணம் போனால் கடல் இருக்கிறது. ஆனால் அதைக் கரையில் நின்று பார்த்ததோடு சரி, 64 வயது வரை நான் கடலில் மிதந்ததில்லை. ரிட்டயர் ஆன பிறகு அந்த ஆசை வந்துவிட்டது.

2019 கடைசியில் நண்பர்கள் நான்கு குடும்பம் சேர்ந்து சிங்கப்பூர் டூருக்குப் பணம் கட்டினோம். சென்னையில் ஒரு டிராவல்ஸ். விமானம், விசா, ஓட்டல், மூன்று இரவு சொகுசுக் கப்பல் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 80,000 ரூபாய். எட்டுப் பேருக்கு 6,40,000. எல்லாரும் பணத்தை என்னிடம் கொடுத்தார்கள், நான் என் கணக்கிலிருந்து அனுப்பினேன். ரசீது முழுவதும் என் பேரில். அது முதல் தப்பு. தாலுகா ஆபீசில் 31 வருடம் "எதையும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்க" என்று ஜனங்களுக்குச் சொன்னவன், ரசீதோடு வந்த நிபந்தனைத் தாளைப் படிக்கவில்லை. அது இரண்டாவது தப்பு.

2020 ஏப்ரல் 12ஆம் தேதி புறப்பாடு. பிப்ரவரியில் ஜப்பானில் யோகோஹாமா துறைமுகத்தில் 'டைமண்ட் பிரின்சஸ்' கப்பலை 3,711 பேரோடு நிறுத்தி வைத்தார்கள். டிவியில் அதைப் பார்த்துவிட்டு மனைவி, "இந்தக் கப்பல்லதான் என்னைக் கூட்டிட்டுப் போறீங்களா?" என்றாள். டிராவல்ஸுக்குப் போன் செய்தேன். "நீங்களா கேன்சல் பண்ணா பாதிப் பணம் போயிடும் சார்" என்றார்கள். பேசாமல் இருந்துவிட்டோம்.

அப்படி இருந்தது நல்லதாகப் போயிற்று. மார்ச் 13 அன்று சிங்கப்பூர் அரசு பயணக் கப்பல்கள் துறைமுகத்துக்குள் வருவதையே நிறுத்தியது. மார்ச் 22 முதல் இங்கே வெளிநாட்டு விமானங்கள் நின்றன. 24ஆம் தேதி இரவு ஊரடங்கு. பயணத்தை நாங்கள் ரத்து செய்யவில்லை, அதுவாக ரத்தானது. பின்னால் எங்களுக்குக் கைகொடுத்தது இந்த வித்தியாசம்தான்.

ஜூன் மாதம் ஒரு கடிதம் வந்தது. பணம் திரும்ப வராது, 'கிரெடிட் நோட்' தருகிறோம், 2021 மார்ச்சுக்குள் வேறு பயணம் போய்க்கொள்ளலாம் என்று. கப்பல் கம்பெனியைக் கேட்டால் டிராவல்ஸைக் கேள் என்றது. டிராவல்ஸைக் கேட்டால் பணம் கப்பல் கம்பெனிக்குப் போய்விட்டது என்றார்கள்.

2020 அக்டோபர் 1 அன்று விமான டிக்கெட் பணம் பற்றி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஏஜென்ட் மூலம் வாங்கிய டிக்கெட்டுக்கும் அது பொருந்தும் என்றதால், எங்கள் விமானப் பணம் ஆளுக்கு 20,000 வந்து சேர்ந்தது. கப்பலுக்கு அப்படி ஒரு தீர்ப்பு இல்லையே! மீதி 60,000 அப்படியே நின்றது.

2021 மே மாதம், இரண்டாவது அலை. எங்கள் நால்வரில் ஒருவர் ரிட்டயரான தலைமையாசிரியர், நாற்பது வருட சிநேகிதம். அவர் மனைவி ஆஸ்பத்திரியில் ஆக்சிஜனோடு படுத்திருந்தார். ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்தார்.

"அந்தக் கப்பல் பணம் என்னாச்சுய்யா?"

"டிராவல்ஸ்காரன் தரமாட்டேங்கிறான்" என்று ஆரம்பித்தேன்.

"அவன் யாருய்யா எனக்கு? நான் உன்கிட்டதானே கொடுத்தேன்" என்றார்.

எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. முதலில் கோபம். நான் என்ன கமிஷனா வாங்கினேன்? விடியற்காலையில் யோசித்தபோது அவர் சொன்னது சரி என்று பட்டது. டிராவல்ஸ் என்னிடம் சொன்ன சாக்கையே நானும் அவரிடம் சொல்லியிருக்கிறேன்: பணம் என்னிடம் இல்லை, அடுத்தவனிடம் இருக்கிறது. காலையில் வங்கிக்குப் போய் டெபாசிட்டை உடைத்து 1,20,000 ரூபாய் அவருக்கு அனுப்பினேன். அவர் மனைவி பிழைத்து வந்தார். ஆனால் அவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். கேட்ட வார்த்தைக்கு வெட்கமோ, கொடுத்ததில் வருத்தமோ, தெரியவில்லை.

பிறகுதான் சட்டத்தைப் படித்தேன். 2020 ஜூலை 20 முதல் அமலுக்கு வந்த புதிய நுகர்வோர் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், சென்னைக்கு அலைய வேண்டாம். வக்கீல் கட்டாயமில்லை. கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. எங்களுடையது அதற்கு மேல் என்பதால் 200 ரூபாய். புகார் கொடுக்க இரண்டு வருடக் கெடு. கொரோனாவால் 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையான காலத்தைக் கெடுவில் சேர்க்க வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது.

முதலில் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினேன். பதில் இல்லை. 2022 ஏப்ரலில் விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்தேன். ரசீது, வங்கிக் கணக்கு நகல், கிரெடிட் நோட் கடிதம் எல்லாம் இணைத்தேன். அந்தக் கடிதத்தில் 'பயணம் ரத்து செய்யப்பட்டதால்' என்று அவர்களே எழுதியிருந்தார்கள். அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. ஆணையத்தின் நோட்டீஸ் போன பிறகு டிராவல்ஸ்காரர்களே போன் செய்து சமாதானம் பேசினார்கள். விசா செலவு போக ஆளுக்கு 57,500 ரூபாய் ஆகஸ்டில் வந்தது. வட்டி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, களைத்துவிட்டேன்.

ஒரே பேரில் எட்டுப் பேருக்குப் பணம் கட்டாதீர்கள். அவரவர் ரசீது அவரவர் பேரில் இருக்கட்டும். பயணம் நடக்குமா என்று சந்தேகம் வந்தால், நிபந்தனைகளைப் படிக்காமல் அவசரப்பட்டு நீங்களாக ரத்து செய்யாதீர்கள். போனில் பேசியதை எல்லாம் உடனே எழுத்தில் அனுப்புங்கள்.

நண்பருக்கு நான் கொடுத்ததில் 5,000 ரூபாய் அதிகம். அதை நான் கேட்கவில்லை. செப்டம்பரில் ஒரு நாள் அவரே வீட்டுக்கு வந்தார். ஒரு கவரை மேஜைமேல் வைத்துவிட்டு, "சென்னையிலிருந்தே கப்பல் விடறாங்களாம், பேப்பர்ல போட்டிருந்தான்" என்றார்.

என் மனைவி காபி டம்ளரோடு வந்தவள், "போறதா இருந்தா அவங்க அவங்க பணத்தை அவங்க அவங்களே கட்டுங்க" என்றாள்.

அவர் சிரித்தார். ஒன்றரை வருடம் கழித்து அந்தச் சிரிப்பைக் கேட்டேன்.